கை வைத்தால் நேராகிற கழுத்து

பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளோடு நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 46. அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றில் 19 வருடமாக ஓட்டுநர். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் கழுத்து இடப்பக்கமாக இழுப்பதுபோல் தோன்றியிருக்கிறது. தலையணை சரியில்லை என்று நினைத்து மாற்றிப் பார்த்திருக்கிறார். இரண்டு மாதத்தில் தலை தானாகவே இடது பக்கம் திரும்பி நிற்க ஆரம்பித்துவிட்டது. "வீல் அலைன்மென்ட் போன வண்டி மாதிரி, நான் நேராப் பிடிச்சாலும் அது லெஃப்ட்லயே போகுது டாக்டர்" என்று எழுதியிருக்கிறார். நான் படித்த பாடப்புத்தகம் எதிலும் இந்த நோயை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவில்லை.

இப்போது வலி வேறு சேர்ந்துகொண்டது. தலை 'இல்லை, இல்லை' என்பதுபோல் லேசாக ஆடுகிறது. ஸ்டாப்பில் கை காட்டுகிறவர்கள், வண்டியை நிறுத்த மாட்டேன் என்று இவர் தலையாட்டுவதாக நினைத்துச் சண்டைக்கு வருகிறார்களாம். சுளுக்கு எடுப்பவர்கள் இரண்டு பேரைப் பார்த்தாயிற்று. சலூனில் மாதம் ஒரு தடவை கழுத்தைச் சொடக்கெடுத்துக்கொள்கிறார். எலும்பு மருத்துவர் ஸ்கேன் எடுத்துவிட்டு, 'தேய்மானம்' என்று கழுத்துப் பட்டை கொடுத்திருக்கிறார். வேறொருவர் கொடுத்த மாத்திரையில் வாய் வறண்டு கண் மங்கலானதால் அதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் குலதெய்வத்துக்கு வேண்டுதலும் முடிந்திருக்கிறது.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. முகவாயில் ஒரு விரலை வைத்தால் தலை நேராகிவிடுகிறது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டாலும் கொஞ்சம் அடங்குகிறது. காலையில் எழுந்த முதல் அரை மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை, தூக்கத்தில் சுத்தமாக இல்லை. இதைப் பார்த்துவிட்டு டிப்போவில், "விரல் வச்சா நிக்குதாம், லைட் டியூட்டிக்கு நடிக்கிறான்யா" என்கிறார்கள். மைத்துனர், "எல்லாம் மனசுதான் மாமா" என்கிறார். கடைசியில் இவருக்கே சந்தேகம் வந்துவிட்டது: "எனக்குத் தெரியாம நானேதான் பண்றேனா டாக்டர்?"

இது மனநோயா, பெரியப்பாவுக்கு வந்த பார்க்கின்சனா, உடம்பு முழுக்கப் பரவுமா, மகளுக்கும் வருமா, போடாக்ஸ் ஊசி விஷம் என்கிறார்களே, வேலையை விட்டுவிடவா என்று கேள்விகள் நிறைய. மகளுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம்.

நண்பரே, நீங்கள் நடிக்கவில்லை. உங்களை அறியாமல் நீங்களாகச் செய்துகொள்ளவும் இல்லை. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் முடிவாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் இது டிஸ்டோனியா, அதிலும் கழுத்தில் வருகிற வகை என்று பலமாகச் சந்தேகிக்கிறேன். அந்தச் சந்தேகத்தைப் பலப்படுத்துவதே, உங்களை எல்லோரும் பொய்யராக்கப் பயன்படுத்திய அந்த விரல்தான்.

கழுத்தை ஒரு பக்கம் திருப்ப வேண்டுமென்றால் சில தசைகள் இறுக வேண்டும், எதிர்த்திசைத் தசைகள் அதே நேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை நாம் யோசித்துச் செய்வதில்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற நரம்பணுக் கொத்துகளும் அவற்றோடு இணைந்த பகுதிகளும் பார்த்துக்கொள்கின்றன. டிஸ்டோனியாவில் அந்தக் கணக்கு தவறுகிறது. இறுக வேண்டாத தசை இறுகுகிறது, விட்டுக்கொடுக்க வேண்டியது விடுவதில்லை. உங்கள் பாஷையில் சொன்னால் ஆக்சிலேட்டரிலும் பிரேக்கிலும் ஒரே நேரத்தில் கால். வண்டி முறுக்கும், அதிரும், சூடாகும். உங்கள் கழுத்தின் முறுக்கு, ஆட்டம், வலி மூன்றும் அப்படி வருபவைதான்.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். வலது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு தசை கயிறு போலப் புடைத்து ஓடும். தலையை இடப்பக்கம் திருப்புகிற தசை, கழுத்தின் வலப்பக்கத்தில் இருப்பது அதுதான். இடப்பக்கப் பிடரியில் இருக்கும் இன்னொரு தசை அதற்குத் துணை போகும். இத்தனை மாதமாக யாராவது எண்ணெய் தேய்த்து உருவியிருந்தால், பகல் முழுக்க வேலை செய்து களைத்த தசையைத்தான் உருவியிருக்கிறார்கள். அங்கே சுளுக்கே இல்லை.

விரல் வைத்தால் ஏன் நிற்கிறது?

உங்கள் விரல் தலையைத் தள்ளுவதில்லை. அடுத்த முறை கவனியுங்கள், நுனி மட்டும் பட்டால் போதும். சிலருக்குக் கன்னம், சிலருக்குப் பின்மண்டை, சிலருக்கு நாற்காலியின் சாய்மானம். கை முகத்தை நெருங்கும்போதே, தொடுவதற்கு முன்பே தலை திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. உங்களுக்குத் துண்டு. தொடு உணர்வு மூளைக்குப் போய்ச் சேரும்போது, தவறிய கணக்கு சற்று நேரத்துக்குச் சரியாகிறது. நூறு வருடத்துக்கும் மேலாக நரம்பியல் மருத்துவர்களுக்கு இது தெரியும். 'உணர்வுத் தந்திரம்' என்றே பெயர். கழுத்து டிஸ்டோனியா உள்ள பெரும்பாலானவர்களிடம் ஏதாவது ஒரு தந்திரம் இருக்கும். நோயாளி கேட்டைத் தாண்டி உள்ளே வரும்போதே ஒரு கை முகவாயில் இருந்தால், அவர் உட்காருவதற்குள் நான் பாதி முடிவுக்கு வந்துவிடுவேன். காலையில் அரை மணி நேரம் நன்றாக இருப்பதும், தூக்கத்தில் அடங்குவதும் அப்படியே, நோயின் இயல்பு.

'மனசுதான்' என்ற பேச்சுக்கு உங்கள் மைத்துனரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற ஜெர்மன் மருத்துவர் 1911இலேயே 'டிஸ்டோனியா' என்ற சொல்லை உண்டாக்கிவிட்டார். ஆனாலும் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள், விரல் வைத்தால் நிற்கிறதே, தூங்கினால் போகிறதே என்று இதே காரணங்களைச் சொல்லி மருத்துவர்களே இவர்களை மனநோயாளிகள் என்றார்கள். 1970களிலும் 80களிலும் லண்டனில் டேவிட் மார்ஸ்டன் போன்றவர்கள் விடாமல் எழுதிய பிறகுதான் இது மூளையின் இயக்கக் கோளாறு என்பது நிலைத்தது. பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு பள்ளி ஆசிரியரை, 'வகுப்புக்குப் போக விருப்பமில்லை போலிருக்கிறது' என்று எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கிருந்த மருத்துவர் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: 'முகவாயைத் தொடச் சொல்லிப் பாருங்கள்.'

மன அழுத்தத்தில் இழுப்பு கூடும், அது உண்மை. ஆனால் கூட்டுவது வேறு, உண்டாக்குவது வேறு. மகளின் நிச்சயதார்த்தப் போட்டோவில் நிற்கவில்லை, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போக முடியவில்லை. இந்த நோயோடு மனச்சோர்வும் பதற்றமும் அடிக்கடி வரும். தூக்கம், பசி, எதிலும் பிடிப்பில்லாமை என்று ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு, செய்தால் கழுத்து வலியும் தாங்கும்படி ஆகும். ராத்திரி கொஞ்சம் குடித்தால் அடங்குகிறது என்ற அந்த ஒரு வரியையும் பார்த்தேன். திட்டப் போவதில்லை. சிலருக்கு அப்படி அடங்குவது உண்டு. ஆனால் இந்த நோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகளோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். மாத்திரை ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டியவை

ஒன்று, சலூன் சொடக்கு. கழுத்தெலும்புக்குள் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஏறுகின்றன. தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதத்தில் முடிந்த ஆட்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் ஐந்து நிமிட சுகத்துக்கு அந்த விலை வேண்டாம். ஏற்கெனவே முறுக்கி நிற்கும் கழுத்தில் கூடவே கூடாது. சுளுக்கெடுப்பதும், எடை கட்டி இழுப்பதும் அதே கதை.

இரண்டாவது உங்களுக்குக் கசக்கும். "ஒரு கையால ஸ்டியரிங், ஒரு கை முகவாயில, இப்படித்தான் நாலு மாசமா ஓட்டுறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. உங்கள் தலை இடப்பக்கம் திரும்புகிறது, முந்தி வருகிற வண்டியோ வலப்பக்கக் கண்ணாடியில் தெரிகிறது. உள்ளே ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சிகிச்சையில் கழுத்து கட்டுக்குள் வந்து, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்கும் வரை பேருந்து ஓட்டாதீர்கள், பைக்கும் வேண்டாம். சம்பளம் என்னாவது என்பீர்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடலாம். அது முறுக்கை மாற்றாது. துண்டு இருக்கட்டும், அதில் கெடுதல் இல்லை.

தேய்மானமும் கேஸ் மாத்திரையும்

ஸ்கேனில் வந்த தேய்மானம் பொய்யில்லை. ஆனால் 46 வயதில், அதுவும் 19 வருடம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவருக்கு, கழுத்துத் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கழுத்துத் தொந்தரவே இல்லாத பலருக்கும் எடுத்தால் அப்படித்தான் வரும். தேய்மானம் வலிக்கும், கைக்கு மரமரப்பைக் கொண்டுபோகும், ஆனால் விரல் வைத்தால் நேராகிற மாதிரி தலையைத் திருப்பாது. அதற்காக அறுவை சிகிச்சை என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவர் மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்லி அது நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் குழம்ப வேண்டாம். இந்த நோயில் அது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். பார்த்து, தொட்டு, கேட்டுத்தான் இதைக் கண்டுபிடிக்கிறோம்.

கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடுவதால் கேஸ் தொல்லை, இரண்டு வருடமாக மெடிக்கலில் வாங்கிக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல். அந்த அட்டையை எடுத்துப் பின்னால் படியுங்கள். 'லெவோசல்பிரைடு' என்ற பெயர் இருக்கிறதா? அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இதைச் சேர்த்து நம் ஊரில் தாராளமாக விற்கிறார்கள். இது வயிற்றோடு நிற்பதில்லை, மூளையில் அசைவுகளுக்கு உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையையும் தடுக்கும். மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்குக் கைநடுக்கம், வாய் தானாக அசைபோடுவது, கழுத்து முறுக்குவது எல்லாம் வரக்கூடும். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், மனநோய்க்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால் ஆகியவையும் இதே ஜாதி.

உங்கள் விஷயத்தில் இதுதான் காரணம் என்று சொல்லிவிட மாட்டேன். மருந்தால் வருவது பெரும்பாலும் தலையைப் பின்னால் இழுக்கும், உங்களுடையது பக்கவாட்டில் திரும்புகிறது. ஆனால் மாத்திரை தொடங்கி பத்து மாதத்தில் கழுத்து ஆரம்பித்திருக்கிறது. அந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. அட்டையோடு மருத்துவரிடம் போய், வயிற்றுக்கு வேறு மருந்து மாற்றிக் கேளுங்கள். நிறுத்தியவுடன் கழுத்து திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுவதும் போகாமலும் இருக்கலாம்.

மற்ற பயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நடை, கை வேலை எதிலும் மந்தம் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் பார்க்கின்சன் போலத் தெரியவில்லை. வலிப்பும் இல்லை, பக்கவாதமும் இல்லை. உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோயும் டிஸ்டோனியாவைக் கொண்டுவரும். உங்கள் வயதில் அதற்கு வாய்ப்பு குறைவு, ஆனாலும் குணப்படுத்தக்கூடியதை விட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். நாற்பதுக்கு மேல் கழுத்தில் தொடங்குவது பொதுவாகக் கழுத்திலேயே நின்றுவிடும். முதல் சில வருடங்கள் கூடிக்கொண்டே போய் அப்புறம் நிலைக்கும். சிலருக்குத் தாடைக்கோ தோளுக்கோ கொஞ்சம் பரவலாம். குழந்தைப் பருவத்தில் காலில் தொடங்கி உடம்பெல்லாம் போகும் மரபணு வகை வேறு, நீங்கள் இணையத்தில் பார்த்துப் பயந்த வீடியோ அதுவாக இருக்கலாம். உங்கள் வகை குடும்பத்தில் ஒருவருக்கு மேல் வருவது குறைவு. மகள் கல்யாணத்தை இதற்காக யோசிக்க வேண்டியதில்லை, சம்பந்தி வீட்டில் சொல்லக் கூடாத ரகசியமும் இல்லை.

போடாக்ஸ் ஊசி விஷமா?

விஷம்தான். மறைப்பானேன்? கெட்டுப்போன டின் உணவில் வளரும் பாக்டீரியா உண்டாக்குகிற விஷம் அது. மிகமிகச் சிறிய அளவில், தேவையான தசைக்குள் மட்டும் போட்டால், நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தற்காலிகமாகத் தடுக்கும். ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் மாறுகண்ணுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தது. மாறுகண்ணுக்கும் கண் இமை இழுப்புக்கும் 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நடிகைகளின் நெற்றிச் சுருக்கம் எல்லாம் அப்புறம் வந்த வியாபாரம். கழுத்து டிஸ்டோனியாவுக்கு இன்று முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை இதுதான்.

மெல்லிய ஊசியால் மூன்று நான்கு தசைகளில் போடுவார்கள். எந்தத் தசை என்று கண்டுபிடிப்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. தசையின் மின்னோட்டத்தைக் கேட்டோ, அல்ட்ராசவுண்டில் பார்த்தோ போட்டால் குறி தப்பாது. ஒரு வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை உச்சம், ஏறக்குறைய மூன்று மாதத்தில் தேயும். மறுபடி போட வேண்டும். இது நோயைத் தீர்ப்பதில்லை, அடக்கி வைக்கிறது. சீக்கிரம் தேய்கிறதே என்று பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் போடச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். உடம்பு மருந்துக்கு எதிர்ப்பு உண்டாக்கிக்கொண்டால் அப்புறம் ஊசி வேலை செய்யாது. முதல் தடவையே சரியாக அமையாமலும் போகலாம். இரண்டு மூன்று சுற்றில்தான் உங்கள் கழுத்துக்கான அளவு பிடிபடும்.

பக்கவிளைவில் கவனிக்க வேண்டியது விழுங்குவது. கழுத்தின் முன்பக்கத் தசையில் போடுவதால் முதல் சில வாரங்கள் சிலருக்குப் புரையேறும். ரசம் சாதமாகக் குழைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிடுங்கள். மூச்சுத் திணறலோ, தண்ணீரே இறங்காத நிலையோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலை சில நாள் தொங்குவதுபோல் இருக்கலாம். மயஸ்தீனியா போன்ற தசைச் சோர்வு நோய் இருப்பவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து, முன்கூட்டியே கேட்பார்கள்.

விலை அதிகம், அதை மறைக்க மாட்டேன். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் முதலில் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இயக்கக் கோளாறுகளைப் பார்க்கும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். வாயை வறட்டிய அந்த மாத்திரை டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் அதை நன்றாகத் தாங்குவார்கள், நம் வயதில் மறதி, மலச்சிக்கல், கண் மங்கல் என்று படுத்தும். எல்லாம் தோற்றால் மூளைக்குள் மின்முனை வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

வேலையை விடலாமா?

விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) கடிதம் எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கொடுத்துவிடாதீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தப் பிரிவை என் நோயாளிகளுக்காகப் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது என்கிறது. பார்த்த வேலைக்கு அவர் பொருந்தாவிட்டால், அதே சம்பள விகிதத்தோடும் சலுகைகளோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இது 47ஆவது பிரிவாக இருந்தது. உங்களைப் போன்ற ஓட்டுநர்கள் அதை வைத்து நீதிமன்றம் போயிருக்கிறார்கள்.

சட்டத்தின் பட்டியலில் 'டிஸ்டோனியா' என்ற சொல் தனியாக இருக்காது. 'நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள்' என்ற தலைப்பு இருக்கிறது. மருத்துவக் குழு அதன்கீழோ, இயக்கக் குறைபாட்டின்கீழோ மதிப்பிடலாம். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் நரம்பியல் மருத்துவரின் எழுத்துபூர்வமான நோய் முடிவு, அடுத்து மருத்துவ விடுப்பு, அதற்கப்புறம் மாற்றுப் பணி கேட்டு விண்ணப்பம், நகலில் தேதியோடு முத்திரை. சங்கத்தில் இருக்கிறீர்கள்தானே, அவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். விருப்பத்தோடு போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தக் கதவுகள் எல்லாம் மூடிக்கொள்ளும்.

மருத்துவரிடம் போகும்போது கேப்சூல் அட்டையோடு உங்கள் கைபேசியில் இரண்டு நிமிட வீடியோவும் எடுத்துப் போங்கள்: கையைக் கீழே விட்டபடி தலை திரும்புவது, விரலை வைத்தவுடன் நேராவது, காலையில் எழுந்தவுடன் ஒன்று. மைத்துனரையும் கூட்டிப் போனால் நல்லது, அவர் மருத்துவரின் வாயால் கேட்கட்டும்.

கல்யாணத்துக்கு நேரம் இருக்கிறது. புரட்டாசிக்குள் பரிசோதனைகளை முடித்து, ஐப்பசி முதல் வாரத்தில் முதல் ஊசி போட்டுக்கொண்டால், பன்னிரண்டு வாரம் கழித்துப் பொங்கலை ஒட்டி இரண்டாவது வரும். முதல் சுற்றில் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று அதற்குள் தெரிந்திருக்கும். தை கடைசி முகூர்த்தம் மருந்து நன்றாக வேலை செய்கிற நான்காவது வாரத்தில் விழும். தேதியை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போது, மணமக்கள் உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி நின்றுகொள்ளுங்கள். கொஞ்சம் இழுத்தாலும் தலை மகள் பக்கம்தான் திரும்பும்.